ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும்

முரளி: எல்லோருக்கும் ஒரு செய்தி. மஸ்கட்டில் ஒரு சர்வதேசப் பள்ளியிலிருந்து கவிதாவுக்கு நியமனக் கடிதம் வந்திருக்கிறது. இயற்பியல். ஆகஸ்டில் சேர வேண்டும்.

மீனா அத்தை: 👏👏👏

சித்தப்பா: வாழ்த்துகள் முரளி

பிரபு: சித்தப்பா, வேலை அண்ணிக்கு

சித்தப்பா: இருவருக்கும்தான் சொன்னேன்

செல்வி: முரளி, உனக்கு என்ன சொன்னார்கள்?

முரளி: வரலாற்றுக்கு இப்போது காலியிடம் இல்லையாம். "முதலில் வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்றார் முதல்வர். கடிதத்தில் என் பெயர் குடும்பத்தினர் கட்டத்தில் இருக்கிறது.

பிரபு: பூனைக்கும் அதே கட்டமா?

கவிதா: பிரபு 😐

கவிதா: அங்கே வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறு காலை அலுவலகம் திறக்கும்போது பதில் இருக்க வேண்டுமாம்.

மீனா அத்தை: மஸ்கட் துபாயிலா இருக்கிறது?

செல்வி: ஓமான், அத்தை

பிரபு: ராஜன் அத்தான் வெகு நேரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். எல்லோரும் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

ராஜன்: முரளி, கவிதா, நிதானமாகப் படியுங்கள். தம்பதி ஆசிரியர்கள் என்றால் பள்ளிகளுக்கு ஆசைதான். இரண்டு ஆசிரியர்களுக்கு ஒரே வீடு போதும், ஊர் பிடிக்காமல் பாதியில் கிளம்பும் ஆபத்தும் குறைவு. ஆனால் இரண்டு பாடத்துக்கும் ஒரே ஆண்டில் காலியிடம் வர வேண்டுமே! இயற்பியலுக்கு எப்போதும் ஆள் தேடுவார்கள். வரலாற்றுக்கு இருப்பதே இரண்டு மூன்று பேர், அவர்கள் நகரவும் மாட்டார்கள். அதனால் முரளி தன்னை வரலாற்று ஆசிரியர் என்று மட்டும் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஐ.பி. பள்ளிகளில் நடுநிலை வகுப்புகளுக்கு வரலாறு, புவியியல், பொருளியல் எல்லாவற்றையும் சேர்த்தே நடத்துவதுண்டு. மேல்வகுப்பில் டி.ஓ.கே. என்ற அறிவுக் கோட்பாட்டுப் பாடம் ஐ.பி. டிப்ளமாவுக்குப் படிக்கும் எல்லா மாணவருக்கும் கட்டாயம். அதற்கென்று தனியாக ஆள் எடுப்பது குறைவு, இருக்கிற ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்வார்கள். முரளி அதை எடுக்கத் தயார் என்று எழுத வேண்டும். இன்னொன்று, தம்பதி என்பது இரண்டு விண்ணப்பங்களிலும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். நேர்காணல் முடிந்த பிறகு "என் கணவரும் ஆசிரியர்" என்றால் அவர்கள் கணக்கே வேறு.

செல்வி: உங்கள் விண்ணப்பத்தில் நான் எத்தனையாவது வரியில் இருந்தேன்?

பிரபு: 🍿

மீனா அத்தை: ஐ.பி. என்றால் உளவுத்துறைதானே? முரளிக்கு எதற்கு?

ராஜன்: இல்லை அத்தை, அது பன்னாட்டுப் பாடத்திட்டம். 1968-இல் ஜெனீவாவில் தொடங்கியது. முதலில் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும்தான் இருந்தது. நடுநிலை வகுப்புகளுக்கு 1994-இல், தொடக்க வகுப்புகளுக்கு 1997-இல்

செல்வி: அத்தை கேட்டது உளவுத்துறையா என்று. இல்லை என்றால் போதும்.

சித்தப்பா: ஓமானில் வருமான வரி கிடையாது

பிரபு: 2028 முதல் வருகிறது சித்தப்பா. ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் போனால் 5 சதவீதம்.

சித்தப்பா: அவ்வளவு வந்தால் கட்டிவிடலாம்

செல்வி: முரளி, நான் போனது இதே மாதிரி குடும்ப விசாவில்தான். எம்.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு, வேலை அனுமதி இல்லாமல் ஒரு பிள்ளைக்கு டியூஷன்கூட எடுக்க முடியாமல் இருந்தேன். பள்ளி ஆண்டுவிழாவில் "ராஜன் சாரின் மனைவி" என்று அறிமுகம் செய்து, நுழைவாயிலில் நிகழ்ச்சி நிரல் கொடுக்க நிறுத்தினார்கள். பிறகு கணித ஆசிரியை ஒருவர் விலகினார், அந்த இடம் எனக்குக் கிடைத்தது. உள்ளூர் நியமனம்! அதே வகுப்பு, அதே தேர்வுத்தாள் கட்டு. வீட்டுப்படி இல்லை, விமான டிக்கெட் இல்லை. கேட்டதற்கு "உங்கள் கணவருக்குத்தான் வீடு கொடுத்திருக்கிறோமே" என்றார்கள். முதல்வர் சொன்ன "பிறகு பார்க்கலாம்" என்பது இதுதான்.

ராஜன்: இதை இப்போது சொல்ல வேண்டுமா?

செல்வி: இப்போதுதான் சொல்ல வேண்டும்

கவிதா: நன்றி அண்ணி. இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை.

மீனா அத்தை: ராஜன் மாப்பிள்ளை, அன்று நீங்கள் எடுத்துப்போன நீலப் பெட்டி என்னுடையது. முரளி கிளம்பும்போதாவது கொடுத்துவிடுங்கள்.

சித்தப்பா: அது என் பெட்டி

மீனா அத்தை: உன் பெட்டி சக்கரம் போனது. இது சக்கரம் உள்ளது.

சித்தப்பா: சக்கரம் நான்தான் மாற்றினேன்

கவிதா: ஒரு நிமிடம். நியமனக் கடிதத்தோடு வந்த பட்டியலில் இரண்டு பட்டங்கள், காவல்துறைச் சான்று, இப்போதைய முதல்வரின் பரிந்துரை எல்லாம் இருக்கிறது. கடைசியில் திருமணச் சான்றிதழ், அப்போஸ்டில் முத்திரையுடன். ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக நம் அரசு குத்தும் முத்திரையாம். அது நம்மிடம் இருக்கிறதா?

முரளி: நாம் பதிவே செய்யவில்லையே

பிரபு: ஓ

மீனா அத்தை: ஆல்பம் என் வீட்டில் இருக்கிறது

ராஜன்: ஆல்பத்தில் முத்திரை குத்த மாட்டார்கள் அத்தை. பதிவுச் சான்றிதழ் இல்லாமல் முரளிக்கு விசா கிடையாது. முதலில் பதிவு செய்ய வேண்டும், பிறகு சான்றொப்பம், அதன் பிறகு வெளியுறவு அமைச்சக அப்போஸ்டில். அந்த முத்திரையை ஏற்கும் நாடுகளின் ஹேக் உடன்படிக்கையில் ஓமான் இருப்பதால் அந்த வசதி. அமீரகம் அதில் இல்லை, அங்கே என்றால் தூதரகத்துக்கும் அலைய வேண்டும். ஒரே ஓர் எழுத்து பாஸ்போர்ட்டோடு மாறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சித்தப்பா: அன்றே பதிவு செய்திருக்கலாம். சாட்சிக் கையெழுத்துக்கு அண்ணன் வருவார் என்று காத்திருந்தார்கள்.

செல்வி: சித்தப்பா

சித்தப்பா: நடந்ததைத்தானே சொன்னேன்

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரபு: யாராவது படித்தீர்களா?

மீனா அத்தை: நான் கண்ணாடி போடுவதற்குள் போய்விட்டது

அப்பா: சாட்சிக் கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். விண்ணப்பித்ததே எனக்கு இன்றுதான் தெரியும்.

முரளி: அப்பா, கிடைக்குமா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது?

அப்பா: கல்யாணத்தையும் அப்படித்தான் சொன்னாய்

மீனா அத்தை: அண்ணா, குழுவில் வேண்டாம்

பிரபு: நான் கையெழுத்துப் போடுகிறேன். திங்கள் விடுப்பு எடுக்கிறேன்.

சித்தப்பா: ஒருவர் போதாது. நானும் வருகிறேன். திங்கள் வேண்டாம், செவ்வாய்.

செல்வி: கவிதா, ஞாயிறு காலை ஏற்கிறேன் என்றும் எழுதாதே, மறுக்கவும் வேண்டாம். இரண்டு கேள்விகள் மட்டும் கேள். முரளியைப் பிறகு எடுத்தால் வெளிநாட்டு நியமன விதிகளின்படியா, உள்ளூர் விதிகளின்படியா? வரும் ஆண்டு சமூக அறிவியல் பிரிவில் யாராவது விலகப்போவதாகச் சொல்லியிருக்கிறார்களா? பதில் மின்னஞ்சலில் வர வேண்டும். தொலைபேசியில் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

ராஜன்: இரண்டாவது கேள்விக்கு இப்போது பதில் கிடைக்காது. இருப்பதா விலகுவதா என்று ஆசிரியர்களிடம் அக்டோபர், நவம்பரில்தான் கேட்பார்கள்.

செல்வி: கேட்பதற்குக் காசா?

கவிதா: கேட்கிறேன். ஆனால் அதற்காக என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால்?

முரளி: கொடுக்கட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நீ வருடக்கணக்கில் தேடியது.

அப்பா: கவிதா, ஒப்பந்தம் ஓராண்டா, இரண்டாண்டா?

கவிதா: இரண்டாண்டு, மாமா

அப்பா: எந்த மாதத்தில் முடிகிறது?

கவிதா: ஜூன் கடைசி என்று போட்டிருக்கிறது

அப்பா: அப்படியானால் கடைசி ஆண்டின் கோடை விடுமுறைச் சம்பளம் போயிற்று. ஆகஸ்டில் சேர்த்து ஜூனில் அனுப்பினால் அவர்களுக்கு மிச்சம். அதையும் கேள்.

கவிதா: மூன்றாவது கேள்வியாகச் சேர்க்கிறேன் மாமா

பிரபு: அப்பா, செவ்வாய் வருகிறீர்களா?

பிரபு: அப்பா?

மீனா அத்தை: படித்துவிட்டார், நீல டிக் விழுந்திருக்கிறது

ராஜன்: ஆவணங்களின் பட்டியலை ஒரு கோப்பாக அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பிரபு: 11 பக்கம்

சித்தப்பா: பெட்டி மூடியின் உள்பக்கம் பாருங்கள். என் பெயர் எழுதியிருக்கும்.