யூனோஸ் ரோட்ஸ்டர் 1.6இல் ஆறு கியர் பெட்டி ஏத்தினது: கிளட்ச் முழுக்க விடுதில்லை

உப்புவெளி ரோட்ஸ்டர்

அண்ணாமாருக்கு வணக்கம். வண்டி 1990 யூனோஸ் ரோட்ஸ்டர் (மஸ்டா எம்.எக்ஸ்-5), என்.ஏ. எண்ட முதல் தலைமுறை, பி6 1.6 எஞ்சின். ஐஞ்சு கியர் பெட்டியை இறக்கிப்போட்டு என்.பி. (ரெண்டாம் தலைமுறை) 1.8இல வந்த ஆறு கியர் பெட்டி ஏத்தியிருக்கு. கூட மாத்தினது 1.8 பிளைவீல் (லேத்தில முகம் சீவினது), 215 மி.மீ. புதுக் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங். புரொப்பெல்லர் ஷாஃப்டும் பி.பி.எஃப். சட்டமும் (பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கிறது) பெட்டியோட வந்தது. பின்னால 1.8இன்ர 7 அங்குல டிஃபரன்ஷியல், அதுக்குரிய அக்சில்கள். பெடல் பக்கத்து மாஸ்ரர் சிலிண்டர், பெட்டிப் பக்கத்து சிலேவ் சிலிண்டர், இடையில இருக்கிற றபர் ஹோஸ் மட்டும் பழசு.

எஞ்சின் ஓஃப்பில எல்லாக் கியரும் சுகமா விழுது. ஸ்ரார்ட் பண்ணினா ஒண்டாங் கியர் ஏற மறுக்குது, றிவேர்ஸ் கறகற எண்டுது. பெடலை ரெண்டு தரம் அடிச்சாக் கொஞ்சம் பரவாயில்ல. மற்றது, மணிக்கு 100 கி.மீ.யில ஆறாங் கியர்ல எஞ்சின் சுத்து 3300 காட்டுது. பழைய ஐஞ்சாங் கியர்ல இதைவிடக் குறைவு. பெட்டியைத் திரும்ப இறக்க வேணுமோ?

மூன்றாம் பெடல்

இறக்காதேங்கோ தம்பி. நீங்களே விடையை எழுதிப்போட்டுத்தான் கேள்வி கேட்டிருக்கிறீங்க: "ரெண்டு தரம் அடிச்சாப் பரவாயில்ல." பிளேட்டைப் பக்கம் மாறிப் போட்டிருந்தா, பைலட் பேரிங் இறுகியிருந்தா, எத்தனை தரம் அடிச்சாலும் ஒரே மாதிரித்தான் நிக்கும். அடிக்க அடிக்கத் திருந்திறது கிளட்ச் ஒயில் (ஹைட்ராலிக்) பக்கத்துக் குறை.

முதல்ல அளவு எடுங்கோ. ஒராள் உள்ளுக்கு இருந்து பெடலை முழுக்க அமத்த, நீங்கள் கீழ போய் சிலேவ் சிலிண்டர்ர கம்பி ஃபோர்க்கை (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுற நெம்பு) எவ்வளவு தள்ளுது எண்டு அடிமட்டத்தால பாருங்கோ. 13 மி.மீ. ஆவது வர வேணும். ஒரு தரம் அமத்தி ஒரு அளவு, அடிச்சு அமத்தி இன்னொரு அளவு. ரெண்டையும் இங்க போடுங்கோ.

அப்பிடியே சிலேவின்ர றபர் தொப்பியை விரலால பின்னுக்கு இழுத்துப் பாருங்கோ. உள்ளுக்கு ஈரம் இருந்தா சீல் போயிட்டுது, வேற ஆராய்ச்சி தேவையில்ல.

மணலில ஜக் வைக்கிற முற்றமெண்டா அடியில தடிப்பமான பலகை போட்டு, ஸ்ராண்டிலயும் தாங்கவிட்டுத்தான் கீழ போகவேணும்.

பல்சக்கரம்

அண்ணை சொல்றது சரி. ஆனா பிளைவீல் சீவினது எண்டதை மறக்கக்கூடாது. அரை மில்லி சீவினாலும் பிரஷர் பிளேட் முழுக்க அந்த அரை மில்லி எஞ்சின் பக்கம் தள்ளிப்போகும். ஃபோர்க்கின்ர நெம்புவிகிதத்தால சிலேவ் கம்பி அதைவிடக் கூடுதலா வெளிய நீள வேண்டிவரும். நல்ல ஹைட்ராலிக் இருந்தாத் தாங்கும், பலவீனமா இருந்தாக் காட்டிக்கொடுக்கும்.

பிளேட் உண்மையில பிரியுதோ எண்டு பாக்க ஒரு வழி. பின்பக்கம் ரெண்டு சில்லையும் தூக்கி ஸ்ராண்டில வையுங்கோ, எஞ்சின் ஓஃப், நாலாங் கியர். ஒராள் கிளட்சை அமத்திப் பிடிக்க, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால சுத்துங்கோ. லேசா ஓடினா பிளேட் பிரியுது. இறுக்கிப் பிடிச்சா இழுக்குது. பெடலை அடிச்ச பிறகு அந்த இறுக்கம் விட்டா, பெட்டிக்குள்ள பிழையில்லை.

பெட்டியை இறக்கி வைச்சு எத்தினை நாள் நிண்டது? கடற்கரைக் காத்தில திறந்து கிடந்த பிளைவீல் ஒரு கிழமையிலயே செம்பட்டையாகும். துருவோட பூட்டினா முதல் நாள் பிளேட் ஒட்டிப்பிடிக்கும்.

உப்புவெளி ரோட்ஸ்டர்

பூட்டமுன்னம் பிளைவீலைத் துடைச்சு, மண்தாள் போட்டுத்தான் ஏத்தினது. அளவு: ஒரு தரம் அமத்த 9 மி.மீ., ரெண்டு தரம் அடிச்சா 12. தொப்பிக்குள்ள ஈரமில்ல. ஷாஃப்ட் முதல் அமத்தலில இறுக்கம், அடிச்ச பிறகு கை விரலால சுத்தலாம்.

மூன்றாம் பெடல்

9க்கும் 12க்கும் இடையில வித்தியாசம் எண்டா ஒயில் குழாயில காத்து நிக்குது, இல்லாட்டி ஹோஸ் ஊதுது, இல்லாட்டி ரெண்டும்.

முதல்ல காத்து. மூடி உடைக்காத சின்னப் போத்தல் டொட் 4 (கிளட்ச், பிரேக்குக்கு விடுற ஒயில்) வாங்குங்கோ. எங்கட ஊர் ஈரக்காத்தில திறந்து வைச்ச போத்தல் தண்ணியை உறிஞ்சிப்போடும். சிலேவ் நிப்பிளில (காத்து எடுக்கிற திருகு) தெளிவான குழாய், மறுமுனை போத்தலுக்குள்ள ஒயிலில தாண்டிருக்க வேணும். பெடலை மெல்ல அமத்திப் பிடிக்க, நிப்பிளைக் கால் சுத்து திறந்து, மூடி, பிறகு பெடலை விட வேணும். மூடமுன்னம் பெடலை விட்டா அவ்வளவும் வீண், காத்தைத் திரும்ப உறிஞ்சும். கிளட்சுக்குத் தனிச் சின்ன ஒயில் டப்பாதான், நாலைஞ்சு அமத்தலில வத்திடும். கண் அதில இருக்கட்டும்.

பிறகும் குமிழி போகாட்டி, நிப்பிளை மூடிவைச்சு, ஃபோர்க்கைக் கையால மெதுவா சிலேவ் பக்கமாத் தள்ளி சிலேவ் கம்பியை உள்ளுக்கு அனுப்புங்கோ. மேல டப்பாவில குமிழி வரும். வேகமாத் தள்ளினா ஒயில் பீச்சியடிச்சு பெயின்றைத் தின்னும்.

ஹோஸுக்குச் சோதனை லேசு. ஆள் பெடலை அமத்த, நீங்கள் ஹோஸை ரெண்டு விரலுக்கிடையில பிடியுங்கோ. வீங்கிறதை உணர்ந்தா அதைத் தூக்கி எறியுங்கோ. முப்பது வயசுக்கு மேலான றபர், உள்பக்கம் பிஞ்சிருக்கும்.

இன்னொண்டு: பெடலுக்கு மேல மாஸ்ரர் தள்ளுகம்பியில கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்க வேணும். பயணம் போதேல்ல எண்டு அதை நீட்டி ஆட்டத்தை இல்லாமச் செய்யிறவை இருக்கினம். அப்ப மாஸ்ரரின்ர திரும்பு துவாரம் மூடுப்பட்டு, சூட்டில ஒயில் விரிஞ்சு, புதுக் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

பல்சக்கரம்

3300 விசயத்துக்கு வாறன். உங்கட எஞ்சின் சுத்து மீற்றர் பிழையில்ல, கணக்கு அப்பிடித்தான். பழைய பெட்டியில ஐஞ்சாம் விகிதம் 0.814, இந்த ஆறு கியரில கடைசி 0.843. ஆறாவது கியர் எண்டது இங்க "நெடுந்தூரக் கியர்" இல்ல, இடைவெளியைக் குறுக்கினதுதான். டிஃபரன்ஷியல் 4.300 எண்டு வைச்சா, 185/60 ஆர்14 ரயரில 100இல பழையது கிட்டத்தட்ட 3215, புதியது 3330.

முதல் கியரும் அப்பிடித்தான். 3.136 இருந்த இடத்தில 3.760. அனுராதபுரச் சந்தியில பச்சை விழுந்து, சந்தியைத் தாண்டமுன்னம் ரெண்டுக்கு மாத்த வேண்டியிருக்கும்.

பின் டிஃபரன்ஷியல் விகிதத்தை உறுதிப்படுத்துங்கோ. கியரை நியூட்ரலில வைச்சு, ஒரு சில்லை அசையாமப் பிடிச்சு, மற்றதை ரெண்டு முழுச் சுத்துச் சுத்தி, ஷாஃப்ட் எத்தினை சுத்து வருது எண்டு சோக்கால அடையாளம் போட்டு எண்ணுங்கோ. லொக் இருக்கிற டிஃபரன்ஷியல் எண்டா ரெண்டு சில்லும் சேர்ந்து ஒரு சுத்து. 4.3 வந்தா 43/10 பல்.

உப்புவெளி ரோட்ஸ்டர்

காத்து எடுத்தது, 10 மி.மீ. ஹோஸ் விரலுக்குள்ள நல்லா வீங்கினது. ஹோஸ் புதுசு, சிலேவும் புதுசு: இப்ப முதல் அமத்தலிலயே 14. ஒண்டு, றிவேர்ஸ் ரெண்டும் சத்தமில்லாம விழுது. ஷாஃப்ட் எண்ணினது 4.3தான். இதுக்குப் பதிலா டிஃபரன்ஷியல் 3.909 பாக்கட்டோ, 3.636 பாக்கட்டோ?

பல்சக்கரம்

3.909 (43/11 பல்) போட்டா 100இல 3030 அளவு, முதல் கியரும் பழைய வண்டியைவிடக் கொஞ்சம்தான் குட்டை. 3.636 சில ஐரோப்பியச் சந்தை வண்டிகளில வந்தது. அதில 2815, முதல் கியர் பழையதுக்குக் கிட்ட வந்திடும். ஆனா 1.6 எஞ்சினுக்குப் பாரம். கந்தளாய்ப் பக்கம் ஏசி போட்டு ரெண்டு பேரோட போனா ஆறில இழுக்க மாட்டுது. நான் 3.909 எண்டுதான் சொல்லுவன்.

மாத்தினா வேக மீற்றரையும் யோசியுங்கோ. அது பெட்டியின்ர வால்பக்கத்தில இருந்து ஓடுது. 4.300இல சரியாக் காட்டினது, 3.909 போட்டா உண்மை 100இல 91தான் காட்டும். பொலிஸ் கன் உங்கட மீற்றரைப் பாக்காது.

கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில தேடேக்க ஆரும் டொயோட்டா அல்டெஸா பெட்டி, நிசான் சில்வியா எஸ்15 பெட்டி "இதே சாமான்தான்" எண்டு சொன்னா மயங்காதேங்கோ. குடும்பம் ஒண்டு, ஐசின் கம்பனி செய்த ஏஇசட்6 பெட்டி. பெல் ஹவுசிங் வேற, எங்கட எஞ்சினில பூட்டாது.

மூன்றாம் பெடல்

டிஃபரன்ஷியல் இறக்கேக்க பி.பி.எஃப். நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு ஒயில் அடிச்சு விடுங்கோ. அலுமினியச் சட்டத்துக்குள்ள இரும்பு ஸ்பேசர், உப்புக்காத்தில ரெண்டும் ஒண்டாகிப் போயிருக்கும். சட்டத்தைக் கழட்டமுன்னம் பெட்டியின்ர வாலுக்கு ஜக் குடுக்க வேணும், இல்லாட்டித் தொங்கும். திரும்பப் பூட்டேக்க பெட்டி வாலும் டிஃபரன்ஷியல் மூக்கும் நேராக நிக்குதோ பாத்து, பிறகு 104 தொடக்கம் 123 நியூட்டன் மீற்றர். சாய்ஞ்சு நிண்டா கியர் லீவரில 80க்கு மேல நடுக்கம் வரும்.

பெட்டிக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 கியர் ஒயில், 1.75 லீற்றர். ஐஞ்சு கியருக்கு 2 லீற்றர் எண்ட பழக்கத்தில ஊத்தாதேங்கோ.