ஜி.ஜி. பொன்னம்பலம் எங்கள் பிரஜாவுரிமைக்கு எதிராகக் கை தூக்கினாரா, இல்லையா?

கொட்டகலைப் பிள்ளை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். அடுத்த மாதம் பாடசாலையில் விவாதம் இருக்கிறது. எங்கள் அணிக்குக் கிடைத்த ஆள் ஜி.ஜி. பொன்னம்பலம்.

டியூஷன் சேர் சொல்கிறார், 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்துக்கு அவர் ஆதரவாக வாக்களித்தார் என்று. வவுனியாவில் இருக்கும் என் சிநேகிதி அதை மறுக்கிறாள். அவர் எதிர்த்துத்தான் வாக்களித்தார், அவளுடைய அப்பா அடித்துச் சொல்கிறாராம். வீட்டில் தாத்தாவிடம் கேட்டேன். "அந்தப் பேரை இந்த வீட்டில் எடுக்காதே" என்றுவிட்டு வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டார். எது உண்மை? வருடம், மாதத்தோடு யாராவது சொல்ல முடியுமா?

---

லிந்துலைக்காரன்:

இதில் கேட்க என்ன இருக்கிறது தங்கச்சி? மந்திரிப் பதவிக்காக எங்களை விற்றவர். எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

---

நாவலப்பிட்டி வாத்தியார்:

மகள், உன் சேரும் சரி, சிநேகிதியின் அப்பாவும் சரி. இரண்டு பேரும் வேறு வேறு சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருடம் வரலாறு படிப்பித்தவன் நான். இந்தச் சண்டையை எத்தனை வகுப்பில் விலக்கிவிட்டேன் என்று கணக்கில்லை.

முதலாவது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம். அது ஓகஸ்ட் மாதம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அதற்கு அத்தாட்சி வேண்டும் என்றது. லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத காலத்தில் பூட்டனின் அத்தாட்சிக்கு எங்கே போவது? அந்தச் சட்டத்தை ஜி.ஜி. எதிர்த்தார். அப்போது அவர் தமிழ்க் காங்கிரஸ் தலைவர், எதிர்க்கட்சிப் பக்கத்தில் இருந்தார்.

செப்டெம்பரில் டி.எஸ். சேனநாயக்கவின் அரசாங்கத்தில் சேர்ந்து கைத்தொழில், மீன்பிடி அமைச்சர் ஆனார்.

டிசம்பரில் இரண்டாவது சட்டமூலம் வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இன் 3ஆம் இலக்கம். இதற்கு அவர் ஆதரவாக வாக்களித்தார். உன் தாத்தா பெட்டியை மூடியது இந்த இரண்டாவது கைக்காகத்தான். அந்த மூன்று நான்கு மாத இடைவெளியைச் சொல்லாமல் விவாதத்தில் ஏறினால் எதிரணி உன்னைச் சும்மா விடாது.

வேடிக்கை ஒன்று. சி. சுந்தரலிங்கம் அப்போது வர்த்தக அமைச்சர். அவர் முதல் சட்டத்துக்கு ஆதரவளித்தார், இரண்டாவது சட்டத்தின்போது வெளிநடப்புச் செய்து பதவியையும் விட்டார். ஜி.ஜிக்கு நேர் தலைகீழ். இரண்டு பேரையும் சேர்த்து ஒரு முழு ஆளாக்கியிருந்தால் எங்களுக்குப் பிரயோசனமாக இருந்திருக்கும்.

லிந்துலைத் தம்பி, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் வரலாறு ஒரு வரியில் முடிவதில்லை. பிள்ளை நாளைக்குப் பரீட்சையில் எழுதப்போகிறது.

---

கொட்டகலைப் பிள்ளை:

மிக்க நன்றி சேர். ஆனால் ஓகஸ்டில் எதிர்த்தவர் டிசம்பரில் எப்படி ஆதரித்தார்? அவர் பக்கத்து நியாயம் என்று ஏதாவது இருந்ததா? எங்கள் அணி அவருக்காகப் பேச வேண்டிய அணி. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன்.

---

வடமராட்சியான்:

பிள்ளை, அவருக்காகப் பேச ஒரு வடமராட்சி ஆளாவது வேண்டாமோ? அவர் பிறந்தது பருத்தித்துறைப் பக்கம், அல்வாயில். கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்தவர், பிறகு பாரிஸ்டர். குற்ற வழக்கென்றால் அந்தக் காலத்தில் அவருக்கு நிகரான அப்புக்காத்து இலங்கையில் விரல் விட்டு எண்ணத்தான் இருந்தார்கள். எங்கள் பெரியப்பா அவருடைய குறுக்கு விசாரணை கேட்கவே வேலைக்கு லீவு போட்டுக் கோட்டுக்குப் போனவர்.

அமைச்சராக இருந்து அவர் தொடங்கியவற்றைப் பாருங்கள். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம். எத்தனை குடும்பம் அந்தச் சோற்றைச் சாப்பிட்டது! எதிர்க்கட்சியில் இருந்து கத்துவதைவிட அரசாங்கத்துக்குள் போய் ஒத்துழைத்துப் பெறுவது என்பதுதான் அவர் எடுத்த வழி. அதில் பாதி நடந்தது. மற்றப் பாதிக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

---

நாவலப்பிட்டி வாத்தியார்:

வடமராட்சியான் ஐயா சொன்ன மூன்று தொழிற்சாலையும் உண்மை. மூன்றும் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தன என்பதும் உண்மை. அதை நீங்கள் சொல்லவில்லை, நான் சொல்லிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

மகள், அவர் பக்கத்து வாதம் இப்படிப் போகும். முதல் சட்டம் கதவை அடைத்துவிட்டது. இரண்டாவது சட்டம் ஒரு ஜன்னலையாவது திறந்தது. விண்ணப்பித்தால் பிரஜாவுரிமை கிடைக்கலாம். அமைச்சரவைக்குள் இருந்து அதையும் எதிர்த்தால் ஜன்னலும் போய்விடும். நல்ல வழக்கறிஞரின் வாதம் இது, கேட்கும்போது தலை தானாக ஆடும். நீ இதையே பிடித்துக்கொள்.

எதிரணி என்ன கேட்கும் தெரியுமா? அந்த ஜன்னலின் அகலத்தைக் கேட்கும். கலியாணம் ஆனவருக்கு 7 வருடம், ஆகாதவருக்கு 10 வருடம் தொடர்ச்சியாக இங்கே வசித்திருக்க வேண்டும், அதுவும் 1946 ஜனவரிக்கு முன்பே. விண்ணப்பிக்க இரண்டே வருடம், 1951 ஓகஸ்ட் 5ஆம் திகதி கடைசி. தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் பகிஷ்கரிக்கச் சொன்னது, அப்புறம் கடைசி நேரத்தில் எல்லாரையும் விண்ணப்பிக்கச் சொன்னது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. இடையில் 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜை இல்லாதவருக்கு வாக்கில்லை என்றாக்கினார்கள். 1947இல் இதே நாவலப்பிட்டி இராஜலிங்கத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தலவாக்கலை சி.வி. வேலுப்பிள்ளையை அனுப்பியது, நுவரெலியா தொண்டமானை அனுப்பியது. 1952இல் மலையகத்திலிருந்து இப்படி ஒருவர்கூட இல்லை.

எங்கள் தாத்தாவும் விண்ணப்பித்தார். தோட்டத்துக் கிளாக்கர் கையெழுத்தில் படிவம் நிரம்பியது, செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பெயர் இருக்கிறது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஒரு நாள் தவறாதவர். விசாரணைக்கு அழைத்தார்கள். மூன்று மணி நேரம் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாராம். உள்ளே போனதும் ஒரே கேள்வி, இந்தியாவுக்குப் போனாயா? போனார். தங்கச்சியின் கலியாணத்துக்குத் துறையூர்ப் பக்கம் போனவர், அம்மை கண்டு, கடன் தீர்த்து, திரும்பி வரப் பதினான்கு மாதம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்பது விதி. நாற்பது வருடம் கொழுந்துக்கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் நடுவே கழித்தவரின் தொடர்ச்சி இரண்டு மாதத்தில் அறுந்துவிட்டது. நிராகரித்த கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. அதை வாசிக்கத் திரும்பவும் அதே கிளாக்கரிடம்தான் போனார்.

ஜன்னல் என்ற வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாங்குதான் ஞாபகம் வரும். அதனால் நான் நடுநிலை இல்லை. இதைச் சொல்லிவிடுவது நல்லது.

---

வடமராட்சியான்:

வாத்தியார், இதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. செல்வநாயகமும் வன்னியசிங்கமும் இதே கேள்வியில்தானே ஜி.ஜியின் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தொடங்கினார்கள்? அவர்களும் வழக்கறிஞர்கள்தான், அவர்களும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். யாழ்ப்பாணமே சேர்ந்து கைவிட்டது என்று எழுத வேண்டாம்.

---

நாவலப்பிட்டி வாத்தியார்:

எழுதவில்லை ஐயா. ஆனால் 1952 தேர்தலைப் பாருங்கள். எங்களுக்காகப் பிரிந்துபோன செல்வநாயகம் காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். கை தூக்கிய ஜி.ஜி. யாழ்ப்பாணத்தில் வென்றார். அடுத்த வருடமே சேர் ஜோன் கொத்தலாவலை பிரதமராகி அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார் என்பது வேறு கதை. உள்ளே இருந்து பெறுவது என்ற வழி ஐந்து வருடம்தான் ஓடியது. 1960இல் துரையப்பாவிடம் தோற்றார், 1965இல் வென்றார், 1970இல் மறுபடி தோல்வி.

மகள், உன் விவாதத்துக்கு இன்னும் இரண்டு விஷயம் தருகிறேன். பாடப்புத்தகத்தில் ஐம்பதுக்கு ஐம்பது படித்திருப்பாய். அரசியலமைப்பைப் பற்றி விசாரிக்க வந்த சோல்பரி ஆணைக்குழு முன் மணிக்கணக்காக அவர் வாதாடிய கோரிக்கை. பாராளுமன்றத்தில் பாதி இடம் சிங்களவருக்கு, மற்றப் பாதி சிறுபான்மையினர் எல்லாருக்கும் சேர்த்து. அந்த மற்றப் பாதியில் தோட்டத் தமிழரையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டார். எங்கள் தலைகள் இல்லாமல் அந்தக் கணக்கு நிற்காது. அவருக்காகப் பேசும் நீ இதை எடுக்காதே, எதிரணி எடுத்தால் தண்ணீர் குடித்து நேரம் கடத்து.

இரண்டாவது என் ஊர்க் கதை. 1939இல் ஜி.ஜி. இங்கே, நாவலப்பிட்டியில், ஒரு கூட்டத்தில் பேசினார். மகாவம்சத்தையும் சிங்கள வரலாற்றுப் பெருமையையும் தொட்டுப் பேசியது சிங்களவர் தமிழர் கலவரமாக வெடித்தது. பசறை, மஸ்கெலியா வரை பரவி, வெள்ளைக்காரன் அடக்கினான். பேசியவர் ரயிலேறிப் போய்விட்டார், கடைத்தெருவில் இருந்தவர்கள் இங்கேயே இருந்தார்கள் என்று எங்கள் அப்பா சொல்வார். அப்பாவுக்கு அப்போது பத்து வயதுகூட இல்லை. அவர் கண்டதா கேட்டதா, எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

---

லிந்துலைக்காரன்:

வாத்தியார், இவ்வளவும் சொல்லிவிட்டு அவரை மன்னிக்கச் சொல்கிறீர்களா?

---

நாவலப்பிட்டி வாத்தியார்:

நான் யார் தம்பி மன்னிக்க? ஆனால் தொண்டமானே பிறகு அவரோடு ஒரே மேடையில் உட்கார்ந்தார். 1972இல் தமிழர் கூட்டணி, 1976இல் தமிழர் விடுதலைக் கூட்டணி. கூட்டுத் தலைவர்கள் மூன்று பேர், செல்வநாயகம், பொன்னம்பலம், தொண்டமான். அதே 1976இல் அமிர்தலிங்கம் முதலானவர்கள் மீது நடந்த ட்ரயல் அட் பார் (ஜூரி இல்லாமல் நீதிபதிகள் குழுவே விசாரிப்பது) வழக்கில் ஜி.ஜியும் செல்வநாயகமும் ஒரே பக்கத்து மேசையில் நின்றார்கள். அடுத்த வருடம் பெப்ரவரியில் ஜி.ஜி. மலேசியாவில் இறந்தார், ஏப்ரலில் செல்வநாயகம். அந்த வழக்கில் அவர் வாதாடியதை வடமராட்சியான் ஐயாவின் பெரியப்பா கேட்டிருந்தால் எழுதுங்கள், ஆசையாக இருக்கிறது.

எங்கள் சித்தப்பா குடும்பம் அப்போது தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் பல வருடம் ஆகியிருந்தது.

---

கொட்டகலைப் பிள்ளை:

சேர், இன்றைக்குத் தாத்தாவிடம் ஜி.ஜி. பேரைச் சொல்லாமல் விண்ணப்பப் படிவத்தைப் பற்றி மட்டும் கேட்டேன். எங்கள் குடும்பமும் விண்ணப்பித்ததாம். தகரப்பெட்டியில் இருக்கிறதாம், பெட்டிச் சாவி பண்டாரவளை அத்தையிடம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

---

நாவலப்பிட்டி வாத்தியார்:

பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பார். எங்கள் தாத்தாவின் பெயர் செக்ரோலில் ஒரு மாதிரி, விண்ணப்பத்தில் ஒரு மாதிரி, நிராகரித்த கடிதத்தில் இன்னொரு மாதிரி. திகதி முத்திரை இருந்தால் படம் எடு. மடிப்பில் கிழியும், விரித்துப் பிடிக்காதே, மேசையில் வைத்துப் பார்.