புல் த்ரூ: ‘உருவுகயிறு’ன்னு வெக்கலாமுங்களா?

எல்லாருக்கும் வணக்கமுங்க. துப்பாக்கிச் சொல்லுகளுக்குத் தமிழ்ல பேர் வெக்கறோமுங்களே, அதுல பேரலுக்குள்ள (குழலுக்குள்ள) விட்டுத் தொடைக்கற குண்டு வெச்ச கயிறு, அந்தப் புல் த்ரூவுக்கு ‘இழுவைக்கயிறு’ன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தீங்க, எனக்கு அது ஒப்பலைங்க. எங்க கோபிப் பக்கம் இழுவைன்னா நின்னுபோன லாரிய கயித்தக் கட்டி டிராக்டர்ல இழுக்கறதுங்க.

ராணுவத்துல என்ற கையில இருந்தது ஈஷாப்பூர்ல செஞ்ச 7.62 எஸ்எல்ஆர் ரைபிள். மேகசின கழட்டி, சேம்பர்ல, அதாவது தோட்டா நிக்கற அறையில, ரவுண்டு இல்லைன்னு கண்ணாலயும் விரலாலயும் பாத்துட்டு, துப்பாக்கிய மடக்கி பிரீச் பிளாக்க (பேரலோட பின்வாய அடைக்கற பாகம்) எடுத்து வெச்சுட்டு, புல் த்ரூவோட பித்தளைக் குண்ட சேம்பர் வழியா உள்ள விட்டா வெயிட்டுக்கு அதுவே முன்வாயில வந்து தொங்கும், அப்பறம் கயித்து வளையத்துல 4க்கு 2 இஞ்ச் பிளானல் துணியக் கோத்து நேரா ஒரே மூச்சுல உருவோணும். நடுவுல நிறுத்தினா துணி சிக்கிக்கும். கயிறு ஒருபக்கமா ஒரசி முன்வாய் தேஞ்சா குறியே தப்பிப்போகுமுங்க.

பாவாடை நாடாவ உருவறோம், மாட்டுக்கு மூக்கணாங்கயித்த உருவறோம், உறையிலிருந்து வாள உருவறோம். நடுவுல நிக்காம முழுசா வெளிய கொண்டாரது அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்குங்க. அதனால உருவுகயிறு. ராணுவத்துல சிந்தின்னு சொல்ற அந்தப் பிளானல் துணிக்கு ‘துடைதுணி’ போதும். ஆனா பட்டறையில தொடைக்கற திருப்பூர் பனியன் வேஸ்ட்ட போட்றாதீங்க, பிசிறு உள்ளயே நின்னுக்கும்.

அடுத்தது ஃபவுலிங், சுட்டப்பறம் துப்பாக்கிக்குள்ள படியற கரிங்க. அதுக்கு ‘கசடு’ன்னு போட்டிருக்கீங்க. கசடு எண்ணெய்க்கு அடியில தங்கறதுங்க. இங்க நடக்கறது வேற, சுடறப்ப வர்ற கேஸ்ல ஒரு பங்கு பேரல் மேல இருக்கற சின்னத் துளை வழியா ஏறி பிஸ்டன தள்ளுது, அதுலதான் கையால இழுக்காமயே அடுத்த ரவுண்டு ஏறுது, அந்தக் கரி பிஸ்டன் தலையில சுட்டு இறுகிப்போயிரும். கொல்லம்பட்டறை உலையில நிக்கற கிட்டமேதான். ‘கரிக்கிட்டம்’னு வெப்போமுங்க.

இத நான் சும்மா பேருக்காகச் சொல்லலைங்க. கசடுன்னு படிச்ச பையன் எண்ணெய் ஊத்திக் கழுவப் பாப்பான். பிஸ்டன கழட்டி கிட்டத்த சுரண்டித் தொடச்சு, காய்ஞ்சபடியேதான் திரும்ப மாட்டோணும், எண்ணெய் இருந்தா சூட்டுல அதுவும் கருகி கிட்டமாயிரும், நாளாக நாளாக பிஸ்டன் நகராது.

பிஸ்டன் ஓடற குழாயோட முன்வாய அடைக்கற கேஸ் பிளக்குக்கு எனக்கு இன்னும் சொல் படியலைங்க. பீளமேட்டுப் பக்கம் பம்புசெட் பட்டறையில இருக்கறவங்க இந்த மாதிரி திருகி அடைக்கற மூடிக்கு என்ன சொல்றீங்கன்னு எழுதுங்க.