இடுப்பு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் சேர்ந்து கூடினவங்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுக்கறீங்க?

வணக்கங்க. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில சின்னதா ஒரு ஜிம் நடத்தறேன். போன மாசம் ஒரு தையல்கார அக்கா சேர்ந்தாங்க, வயசு 47. இடுப்பு 98 சென்டிமீட்டர், வெறும் வயித்துல சர்க்கரை 118, டிரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு 210, நல்ல கொழுப்பு (HDL) குறைஞ்சு 38, பிரஷர் 138/88. இந்த அஞ்சுல மூணு அளவு தப்பினாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம்னு சொல்லுவாங்க, அதாவது சர்க்கரை நோயும் இதய நோயும் வர்ற வாய்ப்பு கூடின நிலை. இவங்களுக்கு அஞ்சுமே தப்பியிருக்கு.

டாக்டர் உடற்பயிற்சிக்குச் சரின்னுட்டார். வாரம் 150 நிமிஷம் வேக நடை, ரெண்டு நாள் எடைப் பயிற்சின்னு ஆரம்பிச்சிருக்கேன். மூச்சை அடக்கித் தூக்கினா பிரஷர் எகிறும்ங்கறதால, தூக்கும்போது மூச்சை வெளியே விடச் சொல்றேன். ராத்திரி சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடக்கறாங்க. அது ஒண்ணை மட்டும் அவங்க தவறவிடறதே இல்லை, பார்க்கவே சந்தோஷமா இருக்கு.

சிக்கல் சாப்பாட்டுலதான். சுத்த சைவம், முட்டைகூட கிடையாது. காலையில இட்லி, மத்தியானம் தட்டு நிறைய மட்டை அரிசிச் சோறு, சாயங்காலம் சர்க்கரை போட்ட சாயாவும் நேந்திரங்காய் சிப்ஸும். "சோத்தைக் குறைச்சா தையல் மெஷின் மிதிக்கத் தெம்பு வேணாமா தம்பி?"ன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்விதானே? கொள்ளு, பச்சைப்பயறு, மோர் கூட்டச் சொல்லியிருக்கேன். வேற என்ன சேர்க்கலாம்?

முழங்கால் வலியும் இருக்கு. நாற்காலியில உட்கார்ந்து எழறதைத் தாண்டி, காலுக்கு என்ன கொடுக்கலாம்? பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்களைப் பழக்கின அனுபவம் உள்ளவங்க கண்டிப்பா சொல்லுங்க. வர்ற திங்கக்கிழமை அவங்களுக்குப் புது அட்டவணை போடணும்.