மோடத்துக்கு (போன் வழியாகத் தகவல் அனுப்பும் கருவி) சீரியல் கேபிள் மாட்டியவர்களே, இன்னும் மறக்காத சம்பவம் எது?

பம்ப்ஹவுஸ்:
குடிநீர் நீரேற்று நிலையம். தொட்டி நிரம்பினால் பிஎல்சி (நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கணினி), சிம் போட்ட ஜிஎஸ்எம் மோடம் வழியாக எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். சிம் சரி, சிக்னல் சரி, இரண்டு பக்கமும் வேகம் 9600. பிஎல்சி 'ஏடி' (மோடத்தைக் கூப்பிடும் கட்டளை) என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறது, 'ஓகே' வரவே இல்லை. அதே மோடத்தை என் கேபிளில் லேப்டாப்போடு சேர்த்தால் உடனே பதில். அங்கே கிடந்த கேபிளை மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு முனையின் 2-ஆம் பின் மறுமுனையின் 3-க்கும், 3-ஆம் பின் 2-க்கும் போகிறது. இரண்டு கம்ப்யூட்டரை இணைக்கிற கிராஸ் கேபிள். மோடத்துக்கு வேண்டிய நேர் கேபிளை (2-க்கு 2, 3-க்கு 3) மாட்டிய அடுத்த நிமிடம் ஆபரேட்டர் சட்டைப்பையில் போன் அடித்தது. அந்த கிராஸ் கேபிளை வைத்துத்தான் முன்பு வேலை செய்தவர்கள் வேலை முடிந்ததாகக் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார்கள். தொட்டி வழிந்தபோதெல்லாம் திட்டு வாங்கியது அந்த ஆபரேட்டர். அதுதான் இன்னும் ஆறவில்லை.

25பின்:
பம்ப்ஹவுஸ் சார், உங்கள் கேபிள் இரண்டு பக்கமும் 9 பின் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 2-3 மாறியிருந்தாலே கிராஸ் என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. கம்ப்யூட்டர் பக்கம் 25 பின்னில் 2 அனுப்பும், 3 வாங்கும். 9 பின்னில் இது தலைகீழ். அதனால் 9-க்கு 25 மோடம் கேபிளில் எண்கள் மாறித்தான் இருக்கும், அதுதான் நேர் கேபிள். எங்கள் கிளையில் ஒருவர் இப்படி மீட்டர் வைத்துப் பார்த்து, நன்றாக இருந்த டயல்-அப் மோடம் கேபிளை "கிராஸ்" என்று சொல்லி என் கண்ணெதிரே கட்டர் வைத்து வெட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் துண்டாகிவிட்டது.

ராக்_இரவு:
என்னுடையது கேபிள் கோளாறு இல்லை. தொலைவில் இருந்த ரவுட்டரின் ஆக்ஸ் போர்ட்டில் (போன் வழியாக உள்ளே நுழைய உதவும் துணை போர்ட்) ஒரு மோடம். போன் லைனில் யாருமே இல்லை, ஆனால் எஸ்டி, ஆர்டி (அனுப்புதல், பெறுதல்) விளக்குகள் இரண்டும் நிற்காமல் துடிக்கின்றன. ரவுட்டர் "பெயர் என்ன" என்று கேட்கிறது. மோடம் அதை அப்படியே எதிரொலிக்கிறது. ரவுட்டர் அதையே பெயராக எடுத்துக்கொண்டு "தவறு" என்கிறது, அதுவும் திரும்பி வருகிறது. விடிய விடிய இதே கூத்து. ஏடிஇ0க்யூ1 கொடுத்து எதிரொலியையும் பதில்களையும் நிறுத்தி, &டபிள்யூ போட்டுச் சேமித்ததும் விளக்குகள் அடங்கின.

சர்வர்ரூம்:
மோடத்தில் இருந்து கழற்றிய சாதாரண சீரியல் கேபிளை ஒரு யூபிஎஸ்-இல் சொருகினார் கூட வேலை செய்தவர். பொருத்தம் கச்சிதம். அடுத்த நொடி அறை முழுக்க நிசப்தம், ஒரு ஃபேன்கூட சுற்றவில்லை. அந்த யூபிஎஸ்-இன் பின் அமைப்பே வேறு, அதற்கென்று தனி கேபிள் உண்டு. சாதாரண கேபிளை அது "அணைந்துவிடு" என்று புரிந்துகொண்டது.

மீட்டர்கை:
சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கேபிளைப் பிரித்தால் உள்ளே மூன்றே வயர், பெயருக்கு ஒன்பது பின். என் கதை இவ்வளவுதான். ஆனால் மேலே எல்லாரும் கேபிளையே அளக்கிறீர்கள், முதலில் கருவியை அளங்கள். பவர் கொடுத்து, கேபிளைக் கழற்றிவிட்டு, 9 பின்னில் 5-ஐ கிரவுண்டாக வைத்து 2, 3 இரண்டிலும் டிசி வோல்ட் பாருங்கள். சும்மா இருக்கும்போது அனுப்புகிற பின் மைனஸில் நிற்கும், பெரும்பாலும் -5-லிருந்து -12-க்குள். வாங்குகிற பின் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஒரு கருவியில் 2, மற்றதில் 3 மைனஸ் என்றால் நேர் கேபிள். இரண்டிலும் ஒரே பின் என்றால் 2-3 மாறிய கேபிள். 25 பின் என்றால் கிரவுண்ட் 7. அப்புறம் மூன்று வயர் கேபிள்தான் கையில் இருக்கிறது என்றால் பல மோடங்களில் &கே0 போட்டு ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை (தனி வயரில் 'நிறுத்து, அனுப்பு' என்று சொல்வது) நிறுத்துங்கள், &டி0 போட்டு டிடிஆர் (கம்ப்யூட்டர் தயார் என்று சொல்லும் சிக்னல்) பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் மோடம் போனை எடுக்காது, எடுத்தாலும் வைத்துவிடும்.

பம்ப்ஹவுஸ்:
25பின் சார், இரண்டு பக்கமும் 9 பின்தான். அந்தக் கேபிளை இன்னும் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் படம் போடுகிறேன்.