தபாலில் தரவரிசை ஓட்டு: 2020-ல் உண்மையிலேயே பலன் இருந்ததா?

கணக்கன்: 2020-ல அமெரிக்காவில் அலாஸ்கா, வயோமிங், ஹவாய், கன்சாஸ் மாநில ஜனநாயகக் கட்சிகள் அதிபர் வேட்பாளர் தேர்வைத் தாங்களே தபாலில் நடத்தின. ஓட்டுச் சீட்டில் வேட்பாளர்களுக்கு விருப்பப்படி 1, 2, 3-ன்னு வரிசை போடணும். பைடனோட போட்டியில இருந்த சாண்டர்ஸ் ஏப்ரல் 8-லேயே ஒதுங்கிட்டார். மே 2 கன்சாஸ் முடிவு: பைடனுக்கு 29 பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறவங்க), சாண்டர்ஸுக்கு 10. ரெண்டு பேர் போட்டிக்கு இவ்வளவு மெனக்கெடலா?

மீனாட்சி_வா: சீட்டு அச்சாகிறப்போ போட்டி ரெண்டு பேருக்குள்ளதான்னு யாருக்குத் தெரியும்? மார்ச் 10 வாஷிங்டன் மாநிலத்தைப் பாருங்க. அங்கேயும் தபால்தான், ஆனா ஒரே பெயரைத்தான் குறிக்கலாம். மத்த வேட்பாளர்களில் ப்ளூம்பெர்க் 4-ம் தேதி விலகினார், வாரன் 5-ம் தேதி. அதுக்குள்ள நிறைய சீட்டு தபால்பெட்டிக்குப் போயாச்சு. வாரனுக்கு 9 சதவீதம், ப்ளூம்பெர்க்குக்கு 8. பிரதிநிதி கிடைக்க 15 சதவீதம் வேணும்கிறதால ரெண்டு பேருக்கும் பூஜ்யம். ஆறில் ஒரு ஓட்டு வீண்.

கணக்கன்: அது சரி. ஆனா ஒருத்தருக்கு 50 சதவீதத்துக்கு மேல வர்ற வரைக்கும் தோத்தவங்க ஓட்டை மாத்தி மாத்தி எண்ணினா, கடைசியில எல்லாம் ஒருத்தர் மடியிலதானே விழும்?

தெக்குவாசல்: இங்க 50 கணக்கே கிடையாது சார். கடைசி ஆளை நீக்கி, அவர் ஓட்டை அடுத்த விருப்பத்துக்கு மாத்தணும். மிச்சம் இருக்கிற எல்லாருக்கும் 15 சதவீதம் வந்ததும் நிறுத்திடணும். சும்மா ஒரு கணக்கு: 100 சீட்டில் அ 48, ஆ 27, இ 14, ஈ 8, உ 3. உ வெளியே, அந்த மூணில் ரெண்டு இ-க்கு, ஒண்ணு அ-வுக்கு. இ இப்போ 16. அடுத்து ஈ-யும் போறார்: நாலு ஆ-வுக்கு, அ-வுக்கும் இ-க்கும் ஒவ்வொண்ணு, ரெண்டு சீட்டில் அடுத்த பெயரே இல்ல. முடிவு 50, 31, 17. சாதாரண முறையில 14-லேயே நின்னு வெறுங்கையோட போயிருக்க வேண்டிய இ-க்குப் பிரதிநிதிகளில் பங்கு கிடைச்சுடுது.

கணக்கன்: அந்த ரெண்டு சீட்டைத்தான் நானும் சொல்றேன். கன்சாஸில் அஞ்சு பேர் வரை வரிசைப்படுத்தலாம். விலகின ஒருத்தர் பெயரை மட்டும் போட்டு அனுப்பினா வாஷிங்டன் கதைதான்.

மீனாட்சி_வா: அது போடாதவங்க பாடு. முறையில உண்மையான சிக்கல் வேற. மாநில அளவுக்கு ஒரு எண்ணிக்கை, ஒவ்வொரு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதிக்கும் தனி எண்ணிக்கை. மேலே இருக்கிற இ மாநிலத்தில் 16, உங்க தொகுதியில 11-ன்னு வைங்க. உங்க முதல் விருப்பம் இ-ன்னா, மாநிலக் கணக்கில் ஓட்டு அவர்கிட்டயே நிக்கும். தொகுதிக் கணக்கில் ரெண்டாவது பெயருக்குப் போயிடும்.

கணக்கன்: ஒரே சீட்டு ரெண்டு பேருக்கா? இதை வாக்காளர்கிட்ட எந்த வழிகாட்டித் தாளில் விளக்குவீங்க?