போஸ்ட்கிரெஸ் 9.6 புத்தகம் இப்போது வாங்கலாமா?

மஞ்சக்குப்பம் வாசகன்:
புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 9.6 வெர்ஷனுக்கான நிர்வாகப் புத்தகம் ஒன்று 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எங்கள் சர்வரில் ஓடுவது 16. பண்ருட்டி முந்திரிக் கொள்முதல் கணக்கு, ஒரே டேபிளில் பத்து லட்சம் வரிசை. வருஷத்துக்கு ஒரு வெர்ஷன் வரும் மென்பொருளுக்குப் புத்தகம் வாங்குவதில் பிரயோஜனம் உண்டா?

லாஸ்பேட்டை டிபிஏ:
தாராளமா வாங்குங்க சார். ஆனா எல்லா அத்தியாயத்துக்கும் ஒரே வயசு கிடையாது.

டேட்டா டிஸ்க்ல எப்படி உட்காருது, பயன்படாத பழைய வரிசைகளைத் துப்புரவு பண்ற வேக்குவம் என்ன செய்யுது, இதெல்லாம் 9.6ல படிச்சாலும் 16க்குப் பொருந்தும். அப்டேட் பண்ணினா பழைய வரிசை உடனே அழியாது, புது நகல் ஒண்ணு எழுதப்படும். உங்க பத்து லட்சம் வரிசையிலயும் விலையை ஒரே அப்டேட்ல மாத்தினா டேபிள் ஃபைல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். தானா ஓடுற ஆட்டோவேக்குவம் கணக்கு 50 வரிசை, அதோட டேபிள்ல 20 சதவீதம். உங்களுக்கு 2,00,050 செத்த வரிசையை, அதாவது பயன்படாத பழைய நகலைத், தாண்டினாத்தான் அது வேலையைத் தொடங்கும். அப்பவும் காலியான இடத்தை அடுத்த வரிசைக்குக் கொடுக்குமே தவிர, ஃபைல் பெரும்பாலும் சுருங்காது. சுருக்கணும்னு வேக்குவம் ஃபுல் போட்டா, முடியுற வரைக்கும் அந்த டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது. கொள்முதல் நேரத்துல போட்டுடாதீங்க.

பேக்கப், ரெப்ளிகேஷன் (இன்னொரு சர்வர்ல நகல் வைக்கிறது) அத்தியாயங்களை அப்படியே பின்பற்றாதீங்க. 2019ல வந்த 12வது வெர்ஷன்ல ரெக்கவரி.கான்ஃப்ங்கிற செட்டிங் ஃபைலையே எடுத்துட்டாங்க. அந்த ஃபைல் டேட்டா டைரக்டரில இருந்தா சர்வர் கிளம்பவே மறுக்கும். செட்டிங் எல்லாம் மெயின் கான்ஃபிக் ஃபைலுக்குப் போயிடுச்சு, ஸ்டாண்ட்பைக்கு, அதாவது நகல் சர்வருக்கு, ஸ்டாண்ட்பை.சிக்னல்னு ஒரு காலி ஃபைல் வைக்கணும்.

நெல்லித்தோப்பு:
எர்ரர் அடிக்கிற மாற்றம் நல்லது, உடனே தெரிஞ்சிடும். சத்தமில்லாம பொய்யாப்போன அறிவுரைதான் ஆபத்து. மூணு சொல்றேன்.

பழைய புத்தகங்கள் 'வித்' போட்டு எழுதுற சப்குவெரி (குவெரிக்குள்ள இருக்கிற குவெரி) தனியா ஓடி முடியும், குவெரியை எப்படி ஓட்டறதுன்னு முடிவு பண்ற பிளானர் அதுக்கு உள்ளே நுழையாதுன்னு சொல்லும். 12லேருந்து ஒரே இடத்துல பயன்படுத்துற சாதாரண 'வித்'தை மெயின் குவெரியோட கலந்துடும். பழைய நடத்தை வேணும்னா 'மெட்டீரியலைஸ்ட்'னு சேர்த்து எழுதணும். அதை நம்பி டியூன் பண்ணின ரிப்போர்ட் எதுவா இருந்தாலும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டு, குவெரி நிஜமா எப்படி ஓடுதுன்னு பாருங்க.

தேடலை வேகமாக்குற இண்டெக்ஸ்ல ஒரு வகையான ஹேஷ் இண்டெக்ஸ் பக்கமே போகாதேன்னு இருக்கும். சர்வர் கிராஷ் ஆனா அது கெட்டுப்போகும்ங்கிறது 9.6 வரைக்கும் உண்மை, 10ல சரியாயிடுச்சு.

பெரிய டேபிள்ல டீஃபால்ட்டோட புது காலம் (நெடுவரிசை) சேர்க்காதேன்னும் எழுதியிருக்கும், முழு டேபிளையும் திருப்பி எழுதும்னு. 11லேருந்து நிலையான மதிப்பா இருந்தா நொடியில முடியும்.

மஞ்சக்குப்பம் வாசகன்:
நன்றி. இணையத்தில் கிடைத்த பழைய பாடம் ஒன்றின்படி புது டேட்டாபேஸும் யூசரும் உருவாக்கினேன். அந்த யூசரில் டேபிள் போடப் போனால் பப்ளிக் ஸ்கீமாவுக்கு (டேபிள்களை வைக்கும் பொதுப் பகுதி) அனுமதி இல்லை என்கிறது. இதுவும் அதே சிக்கலா?

லாஸ்பேட்டை டிபிஏ:
அதேதான். 15லேருந்து புது டேட்டாபேஸ்ல பப்ளிக் ஸ்கீமாவில எல்லாருக்கும் டேபிள் போடுற உரிமை கிடையாது. அப்ளிகேஷனுக்குத் தனி ஸ்கீமா உருவாக்கி, அந்த யூசரையே ஓனர் ஆக்குங்க. பழைய சர்வர்லேருந்து அப்கிரேடு பண்ணின டேட்டாபேஸ்ல பழைய உரிமை அப்படியே இருக்கும், அதனால ஒரு மெஷின்ல ஓடுற ஸ்கிரிப்ட் இன்னொண்ணுல ஓடாது. குழம்பிடாதீங்க.

நெல்லித்தோப்பு:
புத்தகம் வாங்கினதும் 10லேருந்து 16 வரைக்கும் ஏழு ரிலீஸ் நோட்ஸையும் திறங்க. ஒவ்வொண்ணுலயும் தொடக்கத்துல 'மைக்ரேஷன்'னு ஒரு பகுதி இருக்கும், பழையதோட ஒத்துப்போகாத மாற்றங்கள் அங்கேதான் இருக்கு. புது வசதிப் பட்டியலை அப்புறம் பார்த்துக்கலாம். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் புத்தகத்துல அந்தந்தப் பக்கத்து ஓரத்துல வெர்ஷன் நம்பரோட பென்சில்ல எழுதுங்க. பி.ஜி. எக்ஸ்லாக்னு வர்ற இடமெல்லாம் பி.ஜி. வால்னு திருத்துங்க, மாற்றங்களோட லாக் இருக்கிற டைரக்டரிக்கு 10ல அந்தப் பேரே மாறிடுச்சு. டிஸ்க்ல அங்கங்க தாவிப் படிக்கிறதுக்கு பிளானர் போடுற செலவுக் கணக்கான ரேண்டம் பேஜ் காஸ்ட் 4னு இருக்கிற இடத்தையும் குறிச்சு வைங்க. டீஃபால்ட் இன்னும் அதேதான், ஆனா அது சுழலுற ஹார்ட் டிஸ்க் காலத்துக் கணக்கு. எஸ்எஸ்டியா இருந்தா 1.1 வெச்சுப் பாருங்க.